கிருபையா, நியாயத்தீர்ப்பா? கிறிஸ்தவ நம்பிக்கை சொல்வது என்ன

கிறிஸ்தவ நம்பிக்கையைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். ஆயுசு முழுக்கக் கொலையும் கொள்ளையுமாகத் திரிந்தவன், சாகப்போகும் நேரத்தில் மனந்திரும்பினால் அவனுக்கும் பரலோகமா? கடவுள் அன்பானவர் என்றால் நரகம் எதற்கு? முதல் கேள்வியைக் கேட்பவருக்குக் கடவுள் தேவைக்கு மேல் இளகியவராகத் தெரிகிறார். இரண்டாவதைக் கேட்பவருக்குத் தேவைக்கு மேல் கடுமையானவர். வேடிக்கை என்னவென்றால், ஒரே ஆள் பத்து நிமிட இடைவெளியில் இரண்டையும் கேட்பார்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தகுதி பார்க்காமல் கடவுள் மனிதருக்குக் காட்டும் தயவுதான் கிருபை. புராட்டஸ்டன்ட் சபைகளில் கிருபை என்பார்கள், கத்தோலிக்கர் அருள் என்பார்கள். வரவேண்டிய தண்டனையை விட்டுவிடுவது இரக்கம், பெறத் தகாத நன்மையைக் கொடுப்பது கிருபை என்று பிரசங்கங்களில் பிரித்துச் சொல்வதுண்டு. பைபிளில் அவ்வளவு கறாரான பிரிவு இல்லை என்றாலும் தொடக்கத்துக்கு அது உதவும். நியாயத்தீர்ப்பு என்பது, கடவுள் மனிதர் செய்தவற்றை விசாரித்து, சரியைச் சரி என்றும் தப்பைத் தப்பு என்றும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அதற்கேற்ப முடிவெடுப்பது. தண்டனை அதில் ஒரு பகுதிதான்.

ஒன்று கூடினால் மற்றது குறையும் என்று நினைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. கிறிஸ்தவம் அப்படி நினைப்பதில்லை. ஒருவரை மன்னிக்கிறேன் என்று சொல்லும்போதே அவர் செய்தது தப்பு என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. தப்பே நடக்கவில்லை என்றால் மன்னிப்புக்கு வேலையே இல்லை. ஆகவே நியாயத்தீர்ப்பு இல்லாத இடத்தில் கிருபையும் இருக்க முடியாது. சபைகளுக்குள் ஆயிரம் சண்டை இருந்தாலும் இந்த ஒரு புள்ளியில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். அந்தத் தீர்ப்பு யார்மேல், எப்போது, எப்படி விழுகிறது என்பதில்தான் சண்டை.

பொன் கன்றுக்குட்டியும் நினிவேயும்

கிருபையும் தீர்ப்பும் ஒரே வாக்கியத்தில் வரும் இடம் பைபிளில் யாத்திராகமம் 34-ஆம் அதிகாரம். மோசே சீனாய் மலைமேல் இருக்கும்போது, கீழே ஜனங்கள் பொன்னால் கன்றுக்குட்டி செய்து கும்பிடுகிறார்கள். இறங்கி வந்த மோசே கற்பலகைகளை உடைக்கிறார். கடவுளோடு செய்த உடன்படிக்கை, கையெழுத்தான மை காய்வதற்குள் முறிந்துபோன நிலை. மறுபடி புதிய பலகைகளோடு மலையேறும்போது, கடவுள் தன்னைப் பற்றித் தானே அறிவிக்கிறார்: இரக்கமும் கிருபையும் நீடிய சாந்தமும் உள்ளவர், ஆயிரம் தலைமுறைகளுக்கு இரக்கம் காட்டுகிறவர், பாவத்தை மன்னிக்கிறவர், ஆனாலும் குற்றவாளியைச் சும்மா விடாதவர், பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கிறவர். எண்களைப் பாருங்கள்: இரக்கத்துக்கு ஆயிரம், தண்டனைக்கு மூன்று நான்கு. பிள்ளைகள்மேல் ஏன் விழவேண்டும் என்று உறுத்துகிறதா? பழைய ஏற்பாட்டுக்குள்ளேயே அது பலருக்கு உறுத்தியிருக்கிறது. தகப்பனுடைய அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் திட்டவட்டமாகச் சொல்கிறது.

பைபிளில் பின்னால் வந்தவர்கள் இந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டார்கள். அதில் இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் பயன்படுத்தியது எனக்கு மிகவும் பிடித்த இடம். இருவருக்கும் விஷயம் ஒன்றே: நினிவே, அசீரியப் பேரரசின் நகரம். கி.மு. 722 வாக்கில் வட இஸ்ரவேல் ராஜ்யத்தை அழித்து, மக்களை நாடு கடத்தியது அசீரியா. அப்படிப்பட்ட ஊருக்குப் போய் எச்சரிக்கக் கடவுள் சொன்னால், தீர்க்கதரிசி யோனா எதிர்த்திசையில் கப்பலேறி ஓடுகிறார். கடைசியில் வேறு வழியில்லாமல் போய்ச் சொல்ல, ஊரே மனந்திரும்புகிறது, தண்டனை நீங்குகிறது. யோனாவுக்கு வந்தது பாருங்கள் கோபம்! ‘நீர் கிருபையும் இரக்கமும் உள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடினேன்’ என்ற பொருளில் அந்தச் சீனாய் வாக்கியத்தையே புகாராக ஒப்பிக்கிறார். கடவுள் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கிறார்: நிழல் தந்த ஒரு செடி காய்ந்ததற்கு இவ்வளவு வருந்துகிறாயே, வலது கை எது இடது கை எது என்று தெரியாத 1,20,000-க்கும் மேற்பட்ட மனிதரும், ஏராளமான விலங்குகளும் இருக்கும் நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா? அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை.

தீர்க்கதரிசி நாகூமின் புத்தகம் இதற்கு நேரெதிர். அதே நினிவே, அதே வாக்கியத்தின் மறுபாதி: கர்த்தர் நீடிய சாந்தமுள்ளவர்தான், ஆனால் குற்றவாளியைத் தப்பவிடமாட்டார். இரத்தப் பழி நிறைந்த நகரத்துக்கு ஐயோ என்கிறது அது. கி.மு. 612-இல் நினிவே உண்மையிலேயே வீழ்ந்தது. நாகூமின் கடைசி வசனமும் கேள்விதான். உன் தீராத கொடுமையால் அடிபடாதவர் யார், என்று நினிவேயைப் பார்த்துக் கேட்கிறது. பைபிளில் கேள்வியோடு முடியும் புத்தகங்கள் அரிது, அவற்றில் இரண்டு இந்த நகரத்தைப் பற்றியவை. ஒன்று கொடுமைக்காரனும் மனிதன் என்கிறது, மற்றது அடிபட்டவனும் மனிதன் என்கிறது. பைபிளைத் தொகுத்தவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்.

பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் இரண்டும் வெவ்வேறு கடவுள்கள் என்றே போதித்தார். கி.பி. 144 வாக்கில் ரோமாபுரிச் சபை அவரை வெளியேற்றியது. இருந்தும் அந்த எண்ணம் சாகவில்லை. படித்துப் பார்த்தால் அது நிற்காது: யோனாவின் இரக்கம் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. நரகத்தைக் குறிக்கும் ‘கெஹன்னா’ என்ற சொல் புதிய ஏற்பாட்டில் வரும் 12 இடங்களில் 11 இயேசுவின் வாயிலிருந்தே வருகிறது.

தீர்ப்புக்காக ஏங்குகிறவர்கள்

வசதியாக வாழ்கிறவர்களுக்கு நியாயத்தீர்ப்பு என்றால் பயமுறுத்தும் சொல். பைபிளில் பல இடங்களில் அது கொண்டாட்டத்துக்கான காரணம். 96-ஆம் சங்கீதத்தில் கடவுள் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்பதற்காகக் காட்டு மரங்கள் எல்லாம் கெம்பீரிக்கின்றன. நிலம் பிடுங்கப்பட்டவன், கூலி மறுக்கப்பட்டவன், வழக்குப் போட்டும் நீதி கிடைக்காத விதவை — இவர்களுக்குத் தீர்ப்பு வரும் என்பது நல்ல செய்தி. ‘நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது’ என்ற தீர்க்கதரிசி ஆமோஸின் வரியை, 1963-இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் எடுத்துச் சொன்னது இந்த ஏக்கத்தில்தான். கிருபையை மட்டும் பேசுகிற பிரசங்கம் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அடிபட்டவனுக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்காது என்பது என் எண்ணம்.

சிலுவை என்ன செய்தது?

அப்படியானால் குற்றவாளிக்கு மன்னிப்பும், குற்றத்துக்குத் தீர்ப்பும் எப்படி ஒன்றாக நடக்கும்? கிறிஸ்தவர்கள் இயேசுவின் சிலுவையைக் காட்டுவார்கள். அங்கே என்ன நடந்தது என்பதற்கு ஒரே விளக்கம் கிடையாது. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேன்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம், பாவம் கடவுளுக்குரிய மதிப்பைப் பறித்துவிட்டது, மனிதனால் ஈடுகட்ட முடியாத அதைக் கடவுளே மனிதனாகி ஈடுகட்டினார் என்றார். 16-ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் காலத்தவர்கள் இதை நீதிமன்ற மொழியில் சொன்னார்கள்: நமக்கு வரவேண்டிய தண்டனையை இயேசு ஏற்றார். 12-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஆபெலார்ட், சிலுவையில் தெரிந்த அன்பைக் கண்டு மனித மனம் மாறுவதை வலியுறுத்தினார். ஆதிச் சபைத் தந்தைகள் பலர், மரணத்தையும் பிசாசையும் கிறிஸ்து வென்ற யுத்தமாகவே சிலுவையைப் பார்த்தார்கள்.

அபராதம் விதித்த நீதிபதியே மேடையிலிருந்து இறங்கி வந்து, தன் பையிலிருந்து அந்த அபராதத்தைக் கட்டினார் என்ற உவமையைப் பல சபைகளில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொலைக்குற்றத்தில் இது ஓடாது, எந்த நீதிமன்றமும் தூக்குத்தண்டனையை இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தராது. கோபமான பிதாவைச் சாந்தப்படுத்த அன்பான மகன் அடிவாங்கினார் என்று கேட்பவர் புரிந்துகொண்டால் அது இன்னும் மோசம். பிதாவும் குமாரனும் ஒரே கடவுள் என்பதே கிறிஸ்தவ நம்பிக்கை. நியாயந்தீர்க்கிறவரே தீர்ப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறார் என்று சொன்னால்தான் அது சரியாக வரும்.

கிருபை எவ்வளவு, முயற்சி எவ்வளவு?

அடுத்த சண்டை இது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனிலிருந்து வந்த பெலேஜியஸ், மனிதன் முயன்றால் கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும், முடியாததைக் கடவுள் கேட்பாரா என்றார். ஹிப்போ நகர ஆயர் அகஸ்டின் மறுத்தார்: முயலவேண்டும் என்ற விருப்பமே கடவுளின் கொடை. ஆயர்கள் கூடி முடிவெடுத்த சங்கங்களான 418-இன் கார்த்தேஜ் சங்கமும் 431-இன் எபேசு சங்கமும் பெலேஜியஸ் தரப்பைத் தள்ளின.

16-ஆம் நூற்றாண்டில் இதுவே மேற்கத்திய சபையைப் பிளந்தது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்தபோது தேவநீதி என்ற சொல்லையே வெறுத்தவர். எவ்வளவு உபவாசித்தாலும், எத்தனை தடவை பாவசங்கீர்த்தனம் செய்தாலும் தீர்க்கிற கடவுள்முன் நிற்க முடியாது என்ற பயம் அவருக்கு. அப்போஸ்தலர் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தைப் படித்தபோது, அந்த நீதி கடவுள் விசுவாசிக்குக் கொடுப்பது என்று புரிந்துகொண்டார். விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக எண்ணப்படுகிறோம் என்பது அவர் கட்சி. 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், தொடக்கம் கடவுளின் அருளே, ஆனால் மனிதனும் அதோடு ஒத்துழைக்க வேண்டும், அன்பும் நற்செயலும் அதில் சேர்ந்தவை என்று பதில் சொன்னது. இந்தத் தகராறு அப்படியே நின்றுவிடவில்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், இந்த விஷயத்தின் அடிப்படைகளில் தங்களுக்குள் உடன்பாடு உண்டு என்று கையெழுத்திட்டன. மெதடிஸ்டுகள் 2006-இலும் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு 2017-இலும் சேர்ந்துகொண்டன.

கிருபை யாருக்கு என்பதிலும் பிரிவு உண்டு. கடவுள் முன்குறித்தவர்களுக்கு, அதாவது முன்கூட்டியே தேர்ந்துகொண்டவர்களுக்கு, அது கட்டாயம் பலிக்கும் என்பது 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் வழி. எல்லோருக்கும் நீட்டப்படுகிறது, மனிதன் மறுக்கவும் முடியும் என்பது டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸும் மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லியும் சொன்ன வழி.

‘அப்போ இஷ்டப்படி வாழலாமா?’

இலவசம் என்றால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். பவுலுக்கே வந்தது. ‘கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?’ என்று கேட்டு, ‘கூடாதே’ என்று ஒரே சொல்லில் முடிக்கிறார். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறிகிறவர்களிடமிருந்து காப்பாற்றிய இயேசு, ‘நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை’ என்று சொன்ன கையோடு ‘இனிப் பாவஞ்செய்யாதே’ என்றும் சொல்கிறார். வரிசை முக்கியம்: மன்னிப்பு முதலில், மாற்றம் அப்புறம். மாறினால் மன்னிப்பேன் என்று அவர் பேரம் பேசவில்லை.

சகேயுவின் கதையிலும் அதே வரிசை. வரி வசூலில் கொழுத்தவன், மரத்தில் ஏறி எட்டிப் பார்க்கிறான். இன்று உன் வீட்டில் தங்குகிறேன் என்று இயேசு கூப்பிட்ட பிறகுதான், சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். ஏமாந்தவர்கள் கைக்குப் பணம் திரும்பிப் போகிறது, அதைக் கவனிக்க வேண்டும். மனந்திரும்பாமலே கிடைக்கும் மன்னிப்பை, ஹிட்லர் காலத்து ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் ‘மலிவான கிருபை’ என்று சாடினார். அவரை நாஜிகள் 1945 ஏப்ரலில் தூக்கிலிட்டார்கள்.

மாற்றம் ஒரே ராத்திரியில் வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை எழுதிய ஜான் நியூட்டன் 1748-இல் புயலில் சிக்கிய கப்பலில் கடவுளை நோக்கித் திரும்பியவர். அதற்கு அப்புறமும் 1754 வரை அடிமைக் கப்பல்களில் கேப்டனாகப் போனார். பாடல் 1773 புத்தாண்டில் அவர் சபையில் அறிமுகமானது. அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதியது 1788-இல். மனந்திரும்பி நாற்பது ஆண்டு கழித்து! தன் அறிக்கை காலம் கடந்து வருகிறது என்று அவரே அதில் ஒத்துக்கொண்டார். கிருபையைப் பாடியவர், தான் யாருக்கு என்ன செய்தார் என்பதை முழுதாகப் பார்க்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

விசுவாசிகளுக்கும் விசாரணை உண்டு என்பது பல பேருக்குத் தெரியாத சங்கதி. கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக நாம் எல்லோரும் நிற்க வேண்டும் என்று சபைக்குத்தான் பவுல் எழுதுகிறார். மத்தேயு 25-இல் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பதுபோல மனிதரைப் பிரிக்கும்போது கேட்கப்படுவது பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, சிறையிலிருந்தவனைப் பார்க்கப் போனாயா என்பதே. செயலால் இரட்சிப்பு இல்லை, ஆனால் உண்மையான விசுவாசம் செயலில் தெரியும் என்று புராட்டஸ்டன்ட்கள் இதை விளக்குவார்கள்.

நரகம், மூன்று விதமாக

முடிவில்லாத தண்டனை என்பது பெரும்பான்மைப் போதனை. துன்மார்க்கர் ஒரு கட்டத்தில் இல்லாமலே போவார்கள் என்பது இன்னொரு கருத்து. ‘பாவத்தின் சம்பளம் மரணம்’ என்ற வசனத்தை அவர்கள் நேராகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆங்கிலிக்கப் போதகர் ஜான் ஸ்டாட் 1988-இல் தயக்கத்தோடு இந்தப் பக்கம் சாய்ந்தது சுவிசேஷக வட்டாரத்தில் பெரும் சலசலப்பை உண்டாக்கியது. எல்லோரும் கடைசியில் மீட்கப்படுவார்கள் என்று நான்காம் நூற்றாண்டில் நீசா நகர ஆயராக இருந்த கிரகோரி நம்பினார். இதே திசையில் போன, மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிகன் பெயரிலான போதனைகள் 6-ஆம் நூற்றாண்டில் கண்டிக்கப்பட்டன, கிரகோரியோ இன்றும் புனிதர். கத்தோலிக்கர் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலம் நான்காவது வழி கிடையாது. ஏற்கெனவே மீட்கப்பட்டவர்கள் தூய்மையாவதைத்தான் அது குறிக்கிறது.

கிழக்கத்தியச் சபைகளில் இன்னொரு குரல் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் சில காலம் அதே நினிவேயில் ஆயராக இருந்த ஈசாக்கு, நரகத்தில் இருப்பவர்களை வாட்டுவதும் கடவுளின் அன்புதான் என்றார். அன்புக்குத் துரோகம் செய்தோம் என்று அறிவதைவிடப் பெரிய வேதனை இல்லை என்பது அவர் கருத்து. அப்படிப் பார்த்தால் கிருபையும் தீர்ப்பும் கடவுளிடம் ஒன்றே, வாங்குகிறவனைப் பொறுத்து வேறாகிறது.

சுவிசேஷத்தைக் கேள்விப்படாதவர்களின் நிலை? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல், தன் தவறில்லாமல் அறியாதிருந்து, மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடுகிறவர்கள் மீட்படைய முடியும் என்றது. புராட்டஸ்டன்ட்களில் சிலர் இதை ஏற்கிறார்கள், பலர் ஏற்பதில்லை.

சரி, அந்தக் கொலைகாரன்?

நேரடிப் பதில்: ஆம், அவனுக்கும் உண்டு. இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு வாக்களிக்கப்பட்டது. ஆனால் மன்னிப்பு கிடைத்துவிட்டது என்பதால் விளைவுகள் மறைந்துவிடுவதில்லை. தன் படைவீரன் உரியாவைக் கொல்ல ஏற்பாடு செய்த ராஜா தாவீதிடம், கர்த்தர் உன் பாவத்தை நீக்கினார் என்று சொன்ன அதே தீர்க்கதரிசி நாத்தான், பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாது என்றும் சொன்னார். சபைக்குள் நடந்த கொடுமைகளை ‘மன்னித்துவிடு’ என்று சொல்லி மூடுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாதிக்கப்பட்டவர் மன்னித்தாலும் காவல்துறையிடம் போகலாம், போக வேண்டும். இரண்டுக்கும் முரண் இல்லை.

கண்முன் நடந்த உதாரணம் ஒன்று உண்டு. 1981 மே 13 அன்று போப் இரண்டாம் ஜான் பாலைச் சுட்டவர் மெஹ்மத் அலி அக்ஜா. நான்கே நாளில், மருத்துவமனையிலிருந்து போப் தன் மன்னிப்பை அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே போய் அவரோடு உட்கார்ந்து பேசினார். அக்ஜா சிறையில்தான் தொடர்ந்து இருந்தார். 2000-இல் இத்தாலிய ஜனாதிபதி அவருக்குத் தண்டனைக் குறைப்பு மன்னிப்பு வழங்க, இத்தாலி அவரைத் துருக்கிக்கு அனுப்பியது. அங்கே மறுபடி சிறை, ஏனென்றால் 1979-இல் அப்தி இபெக்சி என்ற பத்திரிகை ஆசிரியரைக் கொன்ற வழக்கு அவர்மேல் இருந்தது. தன்னைச் சுட்டதைப் போப் மன்னிக்க முடிந்தது. இபெக்சி சார்பில் மன்னிக்க அவருக்கு உரிமை இல்லை. அந்த உரிமை கடவுளுக்கு உண்டா, இருந்தால் கொல்லப்பட்டவர் அதற்கு என்ன சொல்வார் என்று கேட்டால், இறையியலாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.